குளித்தவர்களை மட்டும் தின்னும் பூதம்

விளாத்திகுளத்திலிருந்து வந்த பெண் ஒரு நூல் சேலையைப் பிரித்துப் பார்த்து விலை கேட்டாள். "வாழைக்காய்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடியும் வாழைக்காய்தான் வந்தது. கையிலிருந்த சேலை நழுவியது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதைக் கடைக் கண்ணாடியில் நானே பார்த்தேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் சோடா கொடுக்காதீர்கள். படுக்க வைத்து விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியைப் பிடியுங்கள். என் கணவர் அதைத்தான் செய்தார். அதனால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டிக் கடைவீதியில் சேலைக்கடை வைத்திருப்பவள் நான். பேசிப் பேசியே வளர்த்த கடை. "அவ வாயில விழுந்தா சேலை வாங்காம வெளிய வர முடியாது" என்று ஊரில் சொல்வார்கள். கண் பட்டதுபோல அந்த வாய்க்கே கேடு வந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு ஒரு பகுதி செயலிழப்பது) என்றார்கள். வலது கை போயிற்று. கூடவே அஃபேசியா (பேச்சிழப்பு, நினைப்பு இருக்கும், சொல் வராது). திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கணவரிடம் சொன்னார்: "நாம பேசுறது இவங்களுக்குப் புரியுது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். ஆனா பேருங்க வர நாளாகலாம்."

பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். ஏழாம் வகுப்பு. செண்பகவல்லி என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்தவள் நான். கூப்பிட முடியவில்லை. கை போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன்.

பார்க்க வந்தவர்கள் காதருகே குனிந்து கத்தினார்கள். அடப்பாவிகளா, போனது வாய்தான், காது இல்லை! அதைச் சொல்லவும் வாய் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, "தினமும் ஏதாவது வாசித்துக் காட்டுங்கள்" என்றார். செண்பகவல்லி பள்ளிப் பையிலிருந்து தன் கதைப்புத்தகத்தை எடுத்தாள். ஒரு ஊரில் ஒரு பூதம். குளித்த பிள்ளைகளை மட்டும்தான் தின்னும். அழுக்கு அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஊரில் பிள்ளைகள் எல்லாம் குளிப்பதை விட்டுவிடுகிறார்கள். பெற்றவர்களுக்கு நாற்றமா, நாசமா என்ற திண்டாட்டம். தலைமையாசிரியர் இருவேளை குளிப்பவர். அவர் சின்னப் பிள்ளை இல்லையென்றாலும் பூதம் சும்மா விடவில்லை. முதல் அத்தியாயத்திலேயே போய்விட்டார். பூதத்தை ஏய்க்கிற சிறுமியின் பெயரும் செண்பகவல்லிதான். நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, மைனி இந்த நெலமையில கெடக்காவ, நீ பூதக்கதை படிக்கியே? சாமி பாட்டு போட்டு விடு."

"சாமி பாட்டு போட்டா அம்மா தூங்கிருதாவ அத்தை. இதுக்குத்தான் கண்ண முழிக்காவ."

உண்மைதான். வந்தவர்கள் எல்லோரும் சாவு என்ற சொல்லைச் சுற்றி வளைத்துப் பேசினார்கள். அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒருவர் செத்தார், நான் உள்ளுக்குள் சிரித்தேன். அட்டையில் "பத்து வயதுக்கு மேல்" என்று போட்டிருந்தது. எதுவரை என்று போடவில்லை. நாற்பத்து மூன்றும் பத்துக்கு மேல்தானே!

ஒரு காலை சிஸ்டர் வெந்நீரும் துண்டுமாக உடம்பு துடைக்க வந்தார். நான் இடது கையால் வாளியைத் தள்ளினேன். "வே...ண்டாம்" என்றேன். பிறகு, "பூ...தம்."

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நாத்தனார் திருநீற்றைத் தேடினாள். செண்பகவல்லி மட்டும் குதித்தாள். "அம்மா வெளையாடுதாவ! குளிச்சா பூதம் தின்னுரும்லா!"

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா சிரித்தார். "பேச்சு வரும்போதே கிண்டலும் சேர்ந்து வருதே, ரொம்ப நல்லது" என்றார். நோய் என்னிடமிருந்து எடுத்தது எவ்வளவோ. நக்கலை அதனால் எடுக்க முடியவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை கர்வம்தான்.

வீட்டுக்கு வந்தோம். பூனை, கதவு, சோறு என்று படம் பார்த்துச் சொல்லப் பழகினேன். பூதமும் தினமும் வந்தது. ஒருநாள் தலை வாரிவிடும்போது செண்பகவல்லி மெதுவாகக் கேட்டாள்: "பூதம்னு சொல்லுத. எம்பேர மட்டும் ஏம்மா சொல்ல மாட்டேங்க?" தொண்டைக்குள் அந்தப் பெயர் முட்டிக்கொண்டு நின்றது. வரவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "இத நீதான் படிக்கணும். எவ்வளவு நேரமானாலும் சரி, கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்." பிடிவாதத்தில் என் மகள்தான், வேறு யாராக இருப்பாள்?

விரலை ஓட்டிக்கொண்டே படித்தேன். "பூதம்... மூக்கைச் சுருக்கி... செண்பகவல்லியை... மோந்து பார்த்தது."

தோளுக்குப் பின்னால் நின்ற என் கணவர் குனிந்தார். "ஏட்டி, அதுல பொன்னின்னுல்லா போட்டிருக்கு?"

பார்த்தேன். பொன்னிதான். முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அங்கும் பொன்னி. புத்தகம் முழுக்கப் பொன்னி என்று இருந்த இடத்தில் எல்லாம் தன் பெயரைச் சொல்லிச் சொல்லி என் காதுக்குள் போட்டிருக்கிறாள் என் மகள். காதில் விழுந்தது வாய் வழியாக வந்துவிட்டது.

"படிம்மா, எதுக்கு நிறுத்துத?" என்றாள். அவள் கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது.

இப்போது கடைக்குப் போகிறேன். வலது கை இரவல் வாங்கிய கை மாதிரி இருக்கிறது. சொன்னதைக் கேட்கும், தாமதமாக. விலை சொல்ல எனக்கு நேரமாகிறது. சேலை எடுக்க வரும் நாகலாபுரத்துப் பெண்கள் ஊர் திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் காத்திருக்கிறார்கள். முன்பு ஒரு மூச்சில் நூறு சொல் செலவழித்தவள் நான். இன்று ஒரு சொல் வரும்வரை நிற்கப் பழகிவிட்டேன். அந்த நேரம் வீணாகப் போவதாகத் தோன்றுவதில்லை.

சாயங்காலம் பள்ளி விட்டு அவள் தெருமுனையில் தோழிகளோடு நிற்பாள். நான் கடை வாசலுக்கு வந்து ஏழு எழுத்தையும் ஒன்று விடாமல், உரக்கக் கூப்பிடுவேன். தெருவே திரும்பிப் பார்க்கும்.

"வாரேம்மா, கத்தாத!" என்பாள்.

கத்தத்தான் செய்வேன்.