துத்தநாகக் கேனும் வெஸ்காவின் கையும்

பாலெவ்ஸ்கியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட நான் எழுதப் போவதில்லை. எழுதப் போவது வெஸ்காவைப் பற்றி. ப்ளோவ்திவ் நகரில் எங்கள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் இருபத்தொரு வருடம் செல்களை வளர்த்தவள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே, "இதுங்களுக்கு இன்னைக்குப் பசி இல்ல" என்பாள். சொன்னது தப்பியதில்லை.

பேராசிரியர் பாலெவ்ஸ்கிக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. சாறு பிழிந்து மிஞ்சிய தோலை ஊறவைத்து எடுத்த சத்து புராஸ்டேட் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு மனிதரின் கால் தரையில் பாவவில்லை. வெஸ்காவின் கண்ணோ தோலை ஊறவைத்த தோட்டத்துக் கேன்மேல் இருந்தது. துத்தநாகம் பூசிய கேன். உள்பக்கம் பளபளப்பெல்லாம் போயிருந்தது, திராட்சைப் புளிப்பு அரித்துவிட்டது. அதே தோலைக் கண்ணாடி ஜாடியில் ஊறவைத்து ஊற்றிப் பார்த்தாள். செல்கள் சாகவில்லை.

மரியாதை தெரிந்தவள் என்பதால் அதை அவரிடம் தனியாகச் சொன்னாள். மறுநாள் காலை அவர் எங்கள் பதினோரு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அம்மணிக்குக் கை சுத்தமில்ல. தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது. இனிமே பாத்திரம் கழுவட்டும், அங்கயாவது சோப்பு இருக்கு."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

"அக்கா, என் கை சுத்தம்னு அந்தாளு வாயாலயே வரணும்" என்றாள் வெஸ்கா. "இதே பதினோரு பேர் முன்னாடி. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தொண்டையில எறங்காது."

இறங்கத்தான் செய்தது. நான் கொண்டுபோகும் பாலாடைக்கட்டிப் பலகாரமான பானிட்சாவில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போனது.

எட்டு மாதம் பாத்திரம் கழுவினாள். அவர் பத்து மணிக்கு வருவார், அவள் காலை ஆறுக்கே வந்து அவருக்குத் தெரியாமல் செல்களை வளர்ப்பாள். கேட்டதையெல்லாம் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"தெரிஞ்சா உங்க வேலை போயிடும்க்கா."

"போனா போகுது. நீ அவன விட்டுடாத."

மே மாதம் சோபியாவிலிருந்து நிபுணர் குழு வந்தது. பாலெவ்ஸ்கி எங்கள் பதினோரு பேரையும் பின்னால் நிறுத்திவிட்டு, தன் திராட்சைச் சத்தைப் பற்றித் திரைபோட்டு ஒரு மணி நேரம் முழங்கினார். முடித்ததும் வெஸ்கா ஈர ஏப்ரனோடு, செல் வளர்த்த நான்கு தட்டுகளை ஏந்தி உள்ளே வந்தாள்.

"இது கேன்ல ஊறினது, செத்துப்போச்சு. இது ஜாடில ஊறினது, உயிரோட இருக்கு. இதுல கேன் சத்தோட துத்தநாகத்தப் புடிச்சு வைக்கிற மருந்தும் சேத்தேன், உயிரோட இருக்கு. இதுல வெறும் துத்தநாக உப்பு, செத்துப்போச்சு."

குழுவின் தலைவி மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பாலெவ்ஸ்கிக்கு முகம் வெளுத்தது. பிறகு அந்த ஆள் சிரித்தான். என்ன நெஞ்சழுத்தம்.

"பாத்தீங்களா? நல்ல புராஸ்டேட் செல் துத்தநாகத்தச் சேத்து வைக்கும். புற்று வந்தா அதை வெளிய தள்ளிடும். திரும்ப உள்ள திணிச்சா செத்துடும். அப்போ புற்றுக்கே துத்தநாகம்தான் மருந்து. என் கூடத்துலயே கண்டுபிடிச்சிருக்கோம்."

குழுவில் இருவர் தலையாட்டினார்கள். எட்டு மாத உழைப்பை இவன் ஒரே வாயில் விழுங்கப் போகிறான் என்று நினைத்தேன். வெஸ்கா பதறவில்லை. வாசலில் விட்டிருந்த தள்ளுவண்டியிலிருந்து இன்னும் இரண்டு தட்டுகளை எடுத்தாள்.

"ரெண்டும் மார்பகப் புற்று, டாக்டர். இதுக்குத் துத்தநாகம் கொடுக்கல. பக்கத்துல இருக்கறதுக்குக் கொஞ்சமா கொடுத்தேன். எது அடர்த்தியா வளந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. சொல்லிட்டு, இந்த மருந்த உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மொதல்ல கொடுங்க."

பாலெவ்ஸ்கி குனிந்து பார்த்தார். துத்தநாகம் போட்ட தட்டில் இடைவெளியே இல்லாமல் செல்கள் மண்டிக் கிடந்தன.

"இதையெல்லாம் வளர்த்தது யார்?" என்று தலைவி கேட்டார்.

"வெஸ்கா" என்றேன் நான்.

"என் கை எப்படி டாக்டர்?" என்றாள் வெஸ்கா.

பாலெவ்ஸ்கி தரையைப் பார்த்துக்கொண்டு, "சுத்தம்" என்றார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"சுத்தம்."

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்தது. எங்கள் பதினோரு பேரில் ஒருவரும் அவருக்கு உட்கார நாற்காலி கொடுக்கவில்லை.