அலுமாரிக்குள் இருந்த பம்ப்

மகள் படித்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். பிள்ளை போய் வருஷமாகப் போகிறது. என்னை அதிலிருந்து எடுத்துவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நானாக விலகவும் எனக்கு மனமில்லை. சித்திரக் கொப்பி கொண்டுவரவும், நகம் வெட்டி அனுப்பவும் என்று வருகிற எல்லாவற்றையும் வாசிப்பேன். அப்படித்தான் அந்தச் செய்தியும் வந்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆஸ்துமா பற்றி விளக்கக் கூட்டம், டொக்டர் வருகிறார், எல்லாப் பெற்றோரும் கட்டாயம் சமுகமளிக்கவும்.

"உனக்கென்ன விசரா? அங்க போய் என்ன செய்யப்போறாய்?" என்றார் என் மனுசன்.

"எல்லாப் பெற்றோரும் எண்டுதானே போட்டிருக்கு. நானும் பெத்தனான்தானே."

அவரும் என்னோடு வெளிக்கிட்டார். உப்புவெளியில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் வெளிக்கிடும்வரை வெயிலில் நின்றார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வழி நெடுக எனக்குள் இதுதான் கொதித்தது. என் மகளுக்குச் சின்னனிலிருந்தே முட்டு. நெஞ்சு இழுக்கத் தொடங்கினால் மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிப்பாள், அடங்கும், திரும்ப ஓடிப் போய் விளையாடுவாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மருந்து எதையும் பையில் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம். வாங்கி, கந்தோர் அறையில் இருக்கிற இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பாதுகாப்பாம்.

போன நவராத்திரி வாணி விழாவன்று மண்டபம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. அலுமாரித் திறப்பு உப அதிபரின் சாவிக்கொத்தில். அவர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். பூட்டை உடைக்க எல்லாருக்கும் பயம். அரசாங்கச் சொத்தாம், உடைத்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். சுடுதண்ணீர் பருக்கினார்கள், நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள், மேசையில் படுக்க வைத்தார்கள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பூட்டு! ஒரு கல்லால் அடித்திருந்தால் உடைந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு வந்து அந்தப் பம்பை என் கையில் தந்தார். அன்றிலிருந்து அது என் கைப்பைக்குள்ளேயே கிடக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. டொக்டர் இன்னும் வரவில்லை. நல்ல நேரம் தவறிவிடும் என்று அதிபர் மங்கள விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். கடற்காற்று விளக்கை அணைத்துவிடாமல் ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒருவர் சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட கோதாரி! மூச்சு முட்டுகிற வருத்தத்துக்குக் கூட்டம், அதற்கும் சாம்பிராணியா?

பக்கத்துக் கதிரையில் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய், மடியில் மகளோடு இருந்தாள். புகை பட்டதும் பிள்ளை இருமியது. இருமலுக்கு அடியில் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம். அது எனக்குத் தெரியாத சத்தமா?

"தங்கச்சி, பிள்ளைக்கு முட்டு இருக்கோ?"

"சீச்சீ, இல்லை அக்கா. வெறும் தடிமன், சளி" என்று மகளின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து மறைத்தாள்.

பொய். முட்டுக் கிளினிக்கில், வாங்கில் பிள்ளையோடு இருக்க அவளை நான் கண்டிருக்கிறேன். பொம்பிளைப் பிள்ளைக்கு முட்டு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்ற பயம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். அதற்காகப் பிள்ளையின் வாயையா மூடுவது?

எழும்பிப் போய்ச் சாம்பிராணித் தட்டை வாங்கி வெளியே மணலில் கவிழ்த்தேன். ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தேன்.

"ஐயோ, விளக்கு நூந்துபோச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"விளக்குத்தானே. திரும்பக் கொளுத்தலாம்" என்றேன்.

என் கதிரைக்குத் திரும்பி வரும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டொக்டர் வந்தார். ஊருக்குப் புதிது, இளம்பிள்ளை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பம்பைக் கையில் பிடித்து, குழாயில் பொருத்தி, பொறுமையாகச் சொல்லித் தந்தார். "பிள்ளையைப் படுக்க வைக்காதேங்கோ. நிமிர்த்தி இருத்துங்கோ. கழுத்துப் பொத்தானைக் கழட்டி விடுங்கோ. பம்ப் பிள்ளையின்ர கைக்கு எட்டவேணும். பூட்டி வைக்கிற சாமானில்லை அது."

சுவரோரம் நின்ற வகுப்பு ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மேசையில் படுக்க வைத்தவர் அவர்தான். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தனான். தோள்கள் குலுங்குவதைக் கண்டதும் ஏலாமல் போய்விட்டது. பாவி, தெரிந்தா செய்தார்?

"சரி, உங்களில ஆரின்ர பிள்ளையளுக்கு முட்டு இருக்கு? கையை உயர்த்துங்கோ பாப்பம்" என்றார் டொக்டர்.

ஒரு கையும் எழவில்லை. எல்லாத் தாய்மாரும் சுழலுகிற காற்றாடியைப் பார்த்தார்கள். பக்கத்தில் அந்த விசில் சத்தம் நிற்கவேயில்லை. சல்லிக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை உயர்த்தினேன்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. "நல்லது அம்மா. இதில ஒளிக்க ஒண்டுமில்லை. பிள்ளையின்ர பம்ப் எங்க இருக்கு?"

கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினேன்.

"பம்ப் இருக்கு டொக்டர். பிள்ளைதான் இல்லை."

அதிபர் கதிரையிலிருந்து எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தார். நான் அழவில்லை. பம்பைப் பிடித்திருந்த கையை இறக்கவுமில்லை.

அப்போது பக்கத்தில் சல்லிக்காரியின் கை உயர்ந்தது. மற்றக் கையால் அவள் மகளின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.