ஜூனிலும் நவம்பரிலும் ஒரே பேச்சு

என் மனைவி தேர்தலில் நின்றது 2005இல். நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கியிருந்த சின்ன ஊரின் நகர சபைக்கு. அவள் கீழக்கரையில் பிறந்தவள், சென்னையில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். முக்காடு போடாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

எல்லாம் தண்ணீரில் ஆரம்பித்தது. பனி உருகும் மாதங்களில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடை பொங்கிவரும். இருபது வீடுகளின் பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மழை அதிகம், நாங்கள் என்ன செய்வது என்று நகர சபை கைவிரித்துவிட்டது. அந்த மார்ச்சில் இரண்டு சனிக்கிழமை இவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, சாலைக்கு அடியில் போகும் குழாயை அளந்தாள். நான் கரையில் குடையோடு நின்று எண்களை எழுதிக்கொண்டேன். சபைக் கூட்டத்தில் பொதுமக்களுக்குக் கொடுக்கும் மூன்று நிமிடத்தில், மேற்கே புதிதாக எழும்பிய வீடுகளின் தண்ணீரையெல்லாம் தாங்க அந்தப் பழைய குழாய்க்கு அகலம் போதாது என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் ஊரின் கட்சித் தலைவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளம்பராக இருந்து ஓய்வுபெற்றவர். சமோசாவை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டே, குழாயைப் பற்றிச் சரியாகப் பேசிய ஒரு ஆளை அந்தக் கூடத்தில் அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். பிறகு, நவம்பரில் எங்களுக்காக நிற்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. 2001இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, முஸ்லிம்களான நாங்கள் இருக்கும் இடம் தெரியாமல் இருக்கப் பழகியிருந்தோம். அவளுடைய பெயரை ஊரார் புல்வெளியில் பலகையாக நட்டுவைப்பதா?

“நம்ம பேரு ஏற்கனவே மெயில்பாக்ஸ்ல இருக்குங்க,” என்றாள். அவ்வளவுதான், ஒத்துக்கொண்டுவிட்டாள்.

தலைவர் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார். ஜூனில் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யக் கட்சிக்குள் தேர்தல். அதற்கு ஓட்டுப் போட வருகிறவர்கள் கட்சியின் தீவிரமான ஆட்கள். சனிக்கிழமை தவறாமல் தபால் நிலையத்தின் முன், அமெரிக்கா அப்போது நடத்திக்கொண்டிருந்த போருக்கு எதிராக அட்டை பிடித்து நிற்பவர்கள். அவர்கள் இல்லாமல் ஜூனைத் தாண்ட முடியாது, வீடு வீடாகப் போகவும் ஆள் இருக்காது. நவம்பரில் ஊர் முழுக்க ஓட்டுப் போடும். அப்போது முடிவு செய்வது ஊரின் தெற்குக் கோடியில் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத நடுவாந்தர ஆட்கள், ஒரு தேர்தலையும் விடாதவர்கள். பலர் ராணுவத்தில் இருந்தவர்கள். ஜூனில் கட்சி ஆட்களிடம் போரைப் பற்றிப் பேசுங்கள், நவம்பரில் குடியிருப்பு ஆட்களிடம் ஓடையைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார். எல்லோரும் செய்வதுதான் என்றும் சொன்னார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளருக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழிலில் தப்பே இல்லை. அன்றே உட்கார்ந்து கேள்வி பதில்களை இரண்டு விதமாக டைப் செய்து, மஞ்சள் அட்டையில் ஒன்றும் வெள்ளை அட்டையில் ஒன்றுமாக அச்சடித்தேன். அவள் இரண்டையும் வாசித்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மே மாதம், சனிக்கிழமைக் குழுவை நடத்திவந்த பேராசிரியையின் வீட்டுக்குப் போனோம். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற அம்மாள். வரவேற்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். பேராசிரியை நேராக விஷயத்துக்கு வந்தார். நீங்கள் ஜெயித்தால், போரைக் கண்டித்து முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவீர்களா என்று கேட்டார். மஞ்சள் அட்டையின் முதல் பதிலே அதுதான்: கட்டாயம் கொண்டுவருவேன்.

அவள் அட்டையை எடுக்கவில்லை. “நான் இந்தப் போருக்கு எதிரானவள்தான். யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் போரை நிறுத்தும் அதிகாரம் நகர சபைக்கு இல்லை. தீர்மானம் கொண்டுவந்தால் அன்றைய கூட்டம் சண்டையிலேயே முடியும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் காத்திருந்து திரும்பிப் போவார்கள். அதனால் கொண்டுவர மாட்டேன்,” என்றாள்.

தெற்குக் கோடிக்காரர்களுக்குப் பயப்படுகிறீர்கள் என்றார் பேராசிரியை, மரியாதையாகத்தான். அங்கேயும் இதையேதான் சொல்லப்போகிறேன், வந்து கேளுங்கள் என்றாள் இவள்.

காரில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“யெஸ்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?”

“சொல்லிட்டு நவம்பர்ல என்னங்க பண்றது? இருக்குறது ஒரே வாய்தான.”

நான் காரைக் கிளப்பினேன்.

ஜூனில் மயிரிழையில் தப்பினாள். பேராசிரியையின் ஆட்களில் பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரவில்லை என்று தலைவர் புலம்பினார். கோடை முழுவதும் வீடு வீடாகப் போனது நாங்கள் மூன்று பேர்தான்: அவள், நான், ஏழாம் வகுப்புப் படித்த எங்கள் மகள். தமிழில் என்ன கேட்டாலும் மகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஆனால் மூடிய கதவுகளுக்கு முன்னால் எங்களைவிடத் தைரியமாக நின்றாள்.

அக்டோபரில் தெற்குக் கோடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் மதிய விருந்தோடு கூட்டம். எதிர்க்கட்சிக்காரர்கள், இவள் போரை எதிர்க்கிறவள் என்று அதற்குள் வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்பியிருந்தார்கள். நான் கடைசி வரிசைக்குப் பார்வையை ஓட்டினேன். பேராசிரியை உட்கார்ந்திருந்தார். சொன்னபடி கேட்க வந்திருந்தார்.

ஓடையைப் பற்றி இவள் பேசி முடித்ததும், ராணுவத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“என் பேரன் அந்தப் போரில் இருக்கிறான். எனக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

பக்கத்தில் நின்ற தலைவர், ஓடை, ஓடை என்று முணுமுணுத்தார். வெள்ளை அட்டையில் அதற்கும் வழுக்கலாக ஒரு பதில் எழுதிவைத்திருந்தேன்.

“நான் போருக்கு எதிரானவள்தான் ஐயா. மே மாதமும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்,” என்றாள். “நான் தினமும் ஐந்து வேளை தொழுகிறவள். உங்கள் பேரனின் பெயரைச் சொல்லுங்கள். அவன் வீடு திரும்பும்வரை அவனுக்காகவும் இறைவனிடம் கேட்பேன்.”

பெரியவர் பெயரைச் சொன்னார். அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். “நீங்கள் போரைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்தபடியே, புதுக் குழாய் போட எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார்.

வெளியே வந்தபோது பேராசிரியை எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வாசலில் நட பலகை மீதி இருக்கிறதா என்று கேட்டார். டிக்கியைத் திறந்தேன். பத்துப் பலகை எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தபால் நிலையத்து ஆர்ப்பாட்டம் முடிந்ததும் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் வீட்டிலிருந்த டம்ளர் எல்லாவற்றிலும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

தேர்தலன்று மாலை, மூடிக்கிடந்த ஒரு செருப்புக் கடையில் கூடினோம். அதுதான் கட்சி அலுவலகம். சாவடி சாவடியாக எண்கள் வந்தன. தெற்குக் கோடியில் அவள் தோற்றிருந்தாள். ஆனால் எங்கள் கட்சிக்காரர்கள் வழக்கமாகப் படுதோல்வி அடையும் அந்த இடத்தில், வித்தியாசம் ஒரே காரில் ஏற்றிவிடக்கூடிய அளவு பேர்தான். பேராசிரியையின் பக்கத்துச் சாவடிகளில் ஓட்டு குவிந்திருந்தது. தலைவர் ஒரு முறை கூட்டினார், நம்பாமல் இன்னொரு முறை கூட்டினார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

எங்கள் மகள் நாற்காலி மேல் ஏறி, “உம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்று தமிழில் கத்தினாள். புரியாதவர்களும் கைதட்டினார்கள். என் மனைவி முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அவள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத அந்த இரண்டு விதமான அட்டைகளை எழுதியதற்காக நான் மன்னிப்புக் கேட்டேன். நல்ல பேப்பர், பின்பக்கம் மளிகை லிஸ்ட் எழுதினேன் என்றாள்.

மறுநாள் காலை வழக்கமான ரயிலில் ஏறினேன். ஐந்து வருடமாக அதே பெட்டி, அதே முகங்கள். நான் யாரோடும் பேசியதில்லை. எதிரே இருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்தார். எனக்குத் தாங்கவில்லை.

“நேற்று எங்கள் ஊரில் என் மனைவி ஜெயித்துவிட்டாள்,” என்றேன்.

அவர் பத்திரிகையை மடித்துவிட்டுக் கை நீட்டினார். பக்கத்திலிருந்த பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார். டிக்கெட் பரிசோதகர் நின்று விவரம் கேட்டார். நான் எழுந்து நின்று, ரப்பர் பூட்ஸிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினேன். இறங்கவேண்டிய இடம் வரும்வரை நான் உட்காரவே இல்லை.