நாயின் உயிருக்காக நான் செய்த செபம்

சேசுநாதருக்குள் பிரியமானவர்களே, ஒரு நாய் சாகக் கூடாது என்று தேவமாதாவின் பீடத்துக்கு முன் முழந்தாளில் நின்று அழுதவன் நான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் முதலில் சிரித்தாள். பிறகு அவளும் என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். அந்த நாய் செத்தால் ஒரு தாயின் பிள்ளையும் சாவான், அவனை அதன் வாய்க்கு அனுப்பியவன் நான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் பெயர் சவரிமுத்து. பினாங்கில் மாட்டாஸ்பத்திரி என்று நம்மவர்கள் சொல்லும் மிருக வைத்தியசாலையில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அதை ஒட்டி ஒரு சிறு பள்ளிக்கூடமும் உண்டு. ஆடு, மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் உதவியாளர்களை அங்கே பழக்கி எடுக்கிறார்கள். படிக்க வருகிற பிள்ளைகளைப் பெரிய துரை நேரில் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பார். அந்த இண்டர்வியூ நாளில் வாசலில் நின்று அவர்களை வரவேற்று, உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையல்ல. கஞ்சி போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவனைப் போல நிற்பேன்.

முப்பத்தொன்றாம் வருஷம், தவசு காலத்தின் முதல் வாரம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். டவுனிலும் கிராணிமாருக்குச் சீட்டுக் கிழிந்துகொண்டிருந்தது. எனக்கு நாலு பிள்ளைகள். துரை தும்மினால்கூட அடுத்த சீட்டு என்னுடையதுதான் என்று நினைப்பேன்.

அப்போது மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு செவலை நாயைக் கட்டியிருந்தோம். ஒரு வண்டிக்காரரின் காளைமேல் பாய்ந்தது என்று பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்கு வெறியா, வெறும் கோபமா என்று தெரியும்வரை கொல்லாமல் கட்டிவைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் வருகிற நாளில் வாசலில் நாய் வேண்டாம், பின்னால் கட்டச் சொல் என்றார் துரை. இடம் பார்த்தவன் நான். பின்கட்டில் தண்ணீர்க் குழாயடியில் நல்ல நிழல் இருந்தது. அங்கே கட்டவைத்தேன். சங்கிலி குழாய்வரை எட்டுமா என்று பார்க்கவில்லை.

அன்று காலையில் வரவேற்பு அறையின் தரையை நானே நின்று கழுவவைத்திருந்தேன். பிள்ளைகள் எண்ணெய் தடவிய தலையும் பயந்த முகமுமாக ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவன் வேலாயுதம். பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு விதவையின் ஒரே மகன். பஸ்சுக்குக் காத்திராமல் இருட்டோடு கிளம்பி மலைப்பாதையில் நடந்தே வந்திருக்கிறான். சட்டை வெள்ளைவெளேர் என்றிருந்தது. செருப்பு கையில். முழங்கால்வரை செம்மண் சேறு. நான் அவன் சட்டையைப் பார்க்கவில்லை. என் தரையைத்தான் பார்த்தேன்.

"தம்பி, இந்தக் காலோட துரை முன்னால போய் நிக்கக் கூடாது. பின்னால குழாய் இருக்கு, கழுவிட்டு வாங்க," என்றேன்.

வருகிறவருக்குக் கால் கழுவத் தண்ணீர் காட்டுவது நம்மவர் மரியாதை. அந்த மரியாதையைத்தானே செய்தேன் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நாயின் நினைப்பு இருந்ததா என்றால், இருந்தது. எட்டாது என்று நினைத்தேன். நாய் இருக்கிறது, பார்த்துப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் உள்ளே துரையின் மணி அடித்தது. திரும்பிவிட்டேன்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். கெண்டைக்காலில் கடி. பல் ஆழமாக இறங்கியிருந்தது. துரையே உட்கார்ந்து புண்ணைக் கழுவி எரிமருந்து வைத்தார். கட்டிப்போட்ட நாயிடம் எதற்குப் போனாய், யார் போகச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவன் சொல்லிவிட்டான்.

"நானாத்தான் போனேன் சார். யாரும் சொல்லல."

நான் வாயைத் திறக்குமுன் என்று எழுதிவிட்டேன். அதுவும் பொய். நான் திறக்கப்போவதாகவே இல்லை.

கட்டிய நாயிடமிருந்து விலகி நிற்கத் தெரியாதவனுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று சொல்லி, துரை அவனை இண்டர்வியூவுக்குக் கூப்பிடாமலே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஊசி மருந்து வந்தது. வயிற்றில் போடும் ஊசி. போட்டாலும் எல்லாருக்கும் பலிப்பதில்லை என்று அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் என்னிடம் சொன்னார். நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்துவிட்டால் அதற்கு வெறி இல்லை, பையனுக்கும் பயமில்லை. அதற்குள் நோய் கண்டு செத்தால் என்னவென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெறி கண்டு செத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தாகத்தில் தவித்துக்கொண்டே தண்ணீரைக் கண்டு அலறினார். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

அன்று முதல் வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் கோவிலில் கிடந்தேன். பையன் பிழைக்கட்டும் என்றுதான் செபத்தை ஆரம்பிப்பேன். நான் அனுப்பியது யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்பதில் வந்து முடியும். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு அவனைப் பார்க்கப் போனபோதும், மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் கட்டிலருகே உட்கார்ந்து என் நாலு பிள்ளைகளைப் பற்றியும், கிராணிமாருக்கு வந்திருக்கும் கஷ்டகாலத்தைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வயிறு வீங்கிப் படுத்திருந்தவன் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினான்.

அவன் தாயார் பார்வதியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கியிருந்தார். சாயங்காலம் தோறும் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து, தூரத்தில் நின்று நாயைப் பார்த்துவிட்டுப் போவார். நெற்றி நிறையத் திருநீறு. தண்ணீர்மலை முருகனிடம் வேண்டியிருக்கிறேன் என்றார். நானும் எங்கள் மாதாவிடம் வேண்டுகிறேன் என்றேன். அதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். கட்டிவைத்துப் பார்க்கும் நாய்க்குப் பாலில் நனைத்த ரொட்டி மட்டும்தான் போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அதைத் தின்று நாய் மெலிகிறதோ என்று எனக்குப் பயம். மெலிந்தால் செத்துப்போகுமே. தவசு காலத்தில் எங்கள் வீட்டில் கறி நுழையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் பசாரிலிருந்து ஒரு கோழி வாங்கிக்கொண்டு போனேன். மனைவி வாசலிலேயே மறித்தாள். நாய்க்கு என்றேன்.

"சரி, நாய் என்ன வேதக்காரனா, அதுக்குத் தவசு இருக்க?" என்று சொல்லிவிட்டு, காரம் போடாமல் ஆக்கிக் கொடுத்தாள். பிள்ளைகள் கறி வாசனையை மோந்துகொண்டு கஞ்சி குடித்தார்கள். எல்லாவற்றையும் எலும்போடு கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு தின்றதைப் பார்த்துச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னேன்.

மறுநாள் நாய் எதையும் தொடவில்லை. அடுத்த நாள் வாய் திறந்தபடியே தொங்கியது. மூட முடியவில்லை. எச்சில் நூலாக ஒழுகியது. தண்ணீர்ச் சட்டிக்கு முகத்தைக் கொண்டுபோய், குடிக்க மாட்டாமல் திரும்பிக்கொண்டது. துரை தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெறியில் இப்படி வாய் தொங்குகிற வகையும் உண்டு, நாளைக் காலையில் சுட்டுவிட்டுத் தலையைச் சோதனைக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பிவைப்போம் என்றார். வேலாயுதத்தைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமும் பார்வதியம்மாள் வந்தார். நாயை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கிராணி ஐயா, அதுக்கு என்ன போட்டீங்க?"

பாலும் ரொட்டியும்தான் என்றேன். சட்டத்தில் இருந்தபடி சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நான் கோவிலுக்கு ஓடினேன். செபமாலையை எடுத்தேன். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் பாதியில் நின்றது. அதுக்கு என்ன போட்டீங்க? மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே கேள்வி. பிரியமானவர்களே, மாதா பேசுவார் என்று காத்திருந்த எனக்கு, திருநீறு பூசிய ஒரு தாயின் குரல்தான் கேட்டது. கோழி எலும்பு என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுந்து துரையின் பங்களாவுக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாய்க்கு எலும்போடு கோழிக்கறி போட்டதைச் சொன்னேன். வாயைத் திறந்த பிறகு மூட முடியவில்லை. பையனைக் குழாயடிக்கு அனுப்பியவனும் நான்தான், அவன் எனக்காகப் பொய் சொன்னான் என்று அதையும் சொன்னேன். துரை என்னை ஏசினார். எனக்குத் தெரிந்த இங்கிலீசிலும் தெரியாத இங்கிலீசிலும் ஏசினார். ஏசிக்கொண்டே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நீளக் கம்பில் சுருக்குப் போட்டு நாயின் கழுத்தைப் பிடித்தோம். துரை கைகளில் கனத்த தோலுறை மாட்டி, அதன் பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார். மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே ஓர் எலும்புத்துண்டு இறுகிக் கிடந்தது. நீண்ட இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. சுருக்கைத் தளர்த்தினோம். நாய் வாயை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. பிறகு தண்ணீர்ச் சட்டியில் முகத்தை வைத்து மளமளவென்று குடித்தது. அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான சங்கீதத்தை நான் எந்தத் திருநாள் பூசையிலும் கேட்டதில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். துரை மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்து நாளும் கழிந்தன. நாய் குரைத்தது, தின்றது, என்னைக் கண்டால் வாலாட்டியது. அதற்கு வெறி இல்லை. வேலாயுதத்துக்கு ஊசியை நிறுத்தினார்கள். துரை அவனைக் கூப்பிட்டனுப்பித் தனியாக இண்டர்வியூ வைத்துப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஏன் நீக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் வருகிற பிள்ளைகளை நான்தான் வரவேற்கிறேன். முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், எந்த மிருகம் எங்கே கட்டியிருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் உட்காரவைக்கிறேன். தரையில் சேறு படிந்தால் படியட்டும்.

ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது இத்தோடு முடியவில்லை. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போகும் நாளில் பார்வதியம்மாள் என்னைத் தேடி வந்தார். நாயைப் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டீர்களே என்று நன்றி சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. அம்மா, உங்கள் மகனை அங்கே அனுப்பியவனே நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடிப்பார், சபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் ஐயா. நீங்க அவனப் பாத்துட்டுப் போன அன்னிக்கே புள்ள சொல்லிட்டான்," என்றார். "'அவருக்கு நாலு புள்ளைங்கம்மா, வேலை போயிட்டா என்ன செய்வாரு, அவருக்காகவும் முருகன்கிட்ட கேளு'ன்னான். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்," என்றார்.

நான் எனக்காக வேண்டினேன். அவனும், சாவு பக்கத்தில் நின்ற நாளிலும், எனக்காகத்தான் வேண்டச் சொல்லியிருக்கிறான். என் வேலை நிலைத்தது யாருடைய வேண்டுதலால் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன்.

சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது பயத்தில் இருந்தால், குற்றத்தைச் சுமந்துகொண்டு கோவிலுக்கு வெளியே நின்றால், உள்ளே வாருங்கள். அரைகுறைச் செபமானாலும் செய்யுங்கள். என்னுடையது அதைவிடக் கேவலமாக இருந்தது, அதையும் சர்வேசுரன் தள்ளிவிடவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டால் மட்டும், யார் வாயிலிருந்து வந்தாலும், அதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுங்கள்.

நாலு வருஷமாகிறது. இன்று காலைப் பூசையிலும் நான் முதலில் சொன்ன பெயர் வேலாயுதத்தினுடையது. என் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.