பொலோனியத்துக்கு ஒரு முகூர்த்தம்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, தண்டலத்தில் நாங்கள் இருவர் வாடகைக்கு இருந்த அறைக்கு, என் அறைத்தோழியின் வருங்கால மாமியார் குன்றத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கினார். தோழி தென்காசிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் செல்போன் கேமரா தயாரிக்கும் லைனில் வேலை. நான் பக்கத்துக் கல்லூரியில் இலக்கியம் படிப்பவள். ஆகவே, அன்றைய அறிவியல் விசாரணைக்கு என்னைவிடத் தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை.

காரணம் ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களோடு தோழி நின்ற படம். பின்னால் மஞ்சள் பலகையில் கதிர்வீச்சுக் குறி. லென்ஸில் ஒட்டிய தூசியை ஊதி விரட்டும், துப்பாக்கி வடிவ ஏர் கன்னுக்குள் பொலோனியம் என்ற அரிய உலோகம் துளியிலும் துளியாகத் தகட்டில் பதித்து மூடப்பட்டிருக்கிறது. அது காற்றுக்கு மின்னேற்றம் தர, தூசி பிடியை விடுகிறது. மாமியாரின் தீர்ப்பு சுருக்கமானது: வேலையை விட வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

வழியெல்லாம் லாரிப் புகையைக் குடித்து வந்தவர், தோழி நீட்டிய கேசரியை மட்டும் ஆபத்தென்று கருதித் தொடவில்லை. நாற்காலியையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ படிச்ச பொண்ணு. அது இன்னா சாமான், சொல்லுமா," என்றார் என்னிடம்.

சொன்னேன். தோழியின் பயிற்சிக் கையேட்டில் படித்ததுதான். வெள்ளி நிறம்; ஐசோடோப்புகள் பல, ஒன்றுகூட நிலையானதில்லை. கன்னில் இருப்பது பொலோனியம்-210. அதன் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும், தோலும் தடுத்துவிடும். உடலுக்குள் போனால்தான் நஞ்சு. அதற்காகவே அந்த மூடியும் பயிற்சியும். ஏறத்தாழ நாலரை மாதத்தில் பாதி சிதைந்து, கதிர்வீசாத சாதுவான ஈயமாகிவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை கன்னை மாற்றுகிறார்கள். இத்தனையிலும் அவர் காதில் விழுந்தவை இரண்டே: நஞ்சு, நாலரை மாதம்.

செல்போனில் காலண்டரைத் திறந்தார். "இப்பவே வேலைய வுட்டு நின்னுட்டா ஆனிக்குள்ள பாதி போய்டும். மீதி கல்யாணத்துக்கு அப்பால போவட்டும். ஆனி கடைசில ஒரு முகூர்த்தம் கீது."

கன்னுக்குள் இருக்கும் உலோகத்தின் அரை ஆயுளை மருமகள் பேருக்கு மாற்றி, மீதிப் பாதியை மன்னித்தும் விட்டார். இத்தனை தாராளத்தை எந்த ஆய்வகத்திலும் எதிர்பார்க்க முடியாது.

தோழி கேசரியைத் தட்டால் மூடினாள்.

"உங்க மகனுக்கும் ஆனிதானா அத்தை?"

"அவனுக்கு இன்னாத்துக்கு?"

"மறைமலை நகர் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்புல அவங்க பம்பர்ல தூசி ஊதுதாங்கல்லா, அதுவும் இதே கன்னுதான். நான் வேலைய விட்டா அவங்களும் விடணும்."

மாமியாருக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வந்தது. போகும்போது என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மாலையில் மாப்பிள்ளை தோழியை அழைத்தார். அம்மா தன்னையும் வேலையை விடச் சொல்கிறார், இதையெல்லாம் ஏன் சொன்னாய் என்று நெடுநேரம் புலம்பினார். தோழி, அந்த ஸ்டேட்டஸுக்கு முதலில் இதயம் போட்டது யார் என்று விசாரித்துவிட்டு, காலை ஷிப்ட் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் கம்பெனி பஸ் ஏறிய பிறகு மாமியார் என்னை அழைத்தார். ஆம்பளைக்கும் அதே நாலரை மாசமா என்று கேட்டார். பொலோனியம் கன்னுக்குள் இருக்கிறது, யார் உடம்புக்குள்ளும் இல்லை என்று முதல் நாள் சொன்னதையே சொன்னேன். இம்முறை காது நன்றாகக் கேட்டது.

"அப்போ வேலைக்குப் போனா ஒண்ணுமில்லன்ற."

"ரெண்டு பேருக்குமே," என்றேன்.

 "சரி, போவட்டும். கல்யாணத்த ஆனில வச்சிக்கலாம்," என்றார்.

தோழிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் தொடாத கேசரியில் அவளுக்குப் பாதியை எடுத்துவைத்து, மீதியைத் தின்றுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன்.