வேலிக்காத்தானுக்குக் கீழே

காலை ஆறேகால். 1976, ஐப்பசி, ஞாயிறு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. வழி முப்பது கிலோமீட்டர். மடியில், சாக்கில் சுற்றிய பன்னிரண்டு மருதாணிக் கன்றுகள். வண்டி குலுங்கும்போதெல்லாம் வேர்மண் உதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா பெருசு, அதுங்களுக்கும் டிக்கெட்டு கிழிக்கவா?" என்றார் நடத்துனர். திருக்கழுக்குன்றம் வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கிக் கடலோரமாக வடக்கே மூன்று கிலோமீட்டர் நடந்தால் காதர் பாயின் ஊர். ஒரே அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் மனைவியை அடக்கம் செய்த கபர்ஸ்தானை வேலிக்காத்தான் முள் மூடிவிட்டது. மூன்று ஆண்டுகளாக வெளியே நின்றே துவா செய்துவிட்டுத் திரும்புகிறார். முள்ளை அகற்றிப் பழைய செடிகளைத் திரும்ப வைக்க ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடுகிறார்கள். மிச்சம் இருந்தது தென்கிழக்கு மூலை. பாயின் மனைவி இருப்பது அங்கேதான்.

அவ்வூரில் கபருக்குக் கல் வைப்பதில்லை. தலைமாட்டில் ஒரு செடி வைப்பார்கள், மருதாணியோ நொச்சியோ. அதுதான் அடையாளம்.

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். வேலிக்காத்தானை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். கபர் எதன்மேலாவது கால் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு எனக்கு. பக்கத்துக் குப்பத்து மீனவர் கண்ணன் கடப்பாறை போட, நான் தூர்களை எண்ணி ஒதுக்கினேன்.

"நீ எண்ணிக்கினே இரு அண்ணாத்த, அது மொளைச்சிக்கினே இருக்கும்" என்றார் கண்ணன்.

நண்பகலில் கடைசிப் புதர் சாய்ந்தது. கீழே மழையில் கரைந்த ஒன்பது மேடுகள். ஒன்றில்கூடச் செடி இல்லை. அந்த முள்ளின் அடியில் புல்லும் பிழைத்திருக்கவில்லை.

பாய் ஓரமாகவே ஒருமுறை சுற்றி வந்தார்.

"எது பாய்?"

"இடுப்பொசரம் மருதாணி இருந்திச்சி சார். அதான் கீதே, எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன். எத்தினாவதுன்னு எண்ணி வெச்சிக்கல." என்னைப் பார்த்தார். "நீங்களா இருந்தா எண்ணியிருப்பீங்க."

கண்ணன் கடப்பாறையைக் கீழே வைத்தார்.

"ஒம்பதுக்கும் வெச்சிடு பாய்."

"நொச்சி வெச்ச வூட்டுக்காரங்க கேட்டா?"

"தண்ணி நான் ஊத்துறேன்னு சொல்லு. யாரு சண்டைக்கு வரப்போறாங்க?"

ஒன்பது கன்றுகளை நட்டோம். மீதி மூன்றை மணல் சரியும் ஓரத்தில் வைத்தோம். கிணற்றிலிருந்து பாயே குடம் குடமாகச் சுமந்து வந்தார். உதவிக்குப் போனவர்களைத் தடுத்துவிட்டார். ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றி, நின்று, உதடு அசைய ஓதிவிட்டு அடுத்ததற்குப் போனார். எங்கும் அவசரப்படவில்லை.

மாலை வண்டிக்குக் கிளம்பியபோது, "தெனம் வருவேன் சார்" என்றார். "ஒம்பதுல ஒன்னு அவதான்."

என் மனைவியின் அஸ்தியைக் கரைத்தது இதே கடலில். வண்டி ஜன்னல் வழியே கடல் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கன்றுகளுக்குக் கிளை ஒடித்தது எங்கள் வீட்டுக் கொல்லை மருதாணியிலிருந்து. அவள் வைத்த செடி. செங்கல்பட்டில் விளக்கு வைக்கும் நேரம். செருப்பைக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போய், அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். எத்தனை குடம் என்று நினைவில்லை.