மூடிய வால்வும் நகர்ந்த துளியும்

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷமாகியும் எங்கள் ஆய்வகத் தலைவரை முசியே என்றுதான் கூப்பிட்டோம். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் மணிக்கு ஒரு கடுகளவு காற்று நுழைந்தாலும் அதை அளக்கும் கருவி அவருக்கு வேண்டும். வடிவமைத்தவன் நான். நூல் நுழையும் அளவு துளையுள்ள கண்ணாடிக் குழாய், அதற்குள் ஓர் எண்ணெய்த் துளி. காற்று உள்ளே போனால் துளியும் கூடவே நகரும். நகர்ந்த தூரத்தை வைத்துக் கணக்குப் போடலாம்.

துளிக்கும் கலத்துக்கும் நடுவே குழாய் ஒரு குமிழாக உப்பியிருக்கும், அதையடுத்து ஒரு கண்ணாடி வால்வு. அதைத் தேய்த்துப் பொருத்தியவர் ஊசிமருந்துக் குப்பி ஊதும் பட்டறையை விட்டு வந்தவர். மூன்று பெண் குழந்தைகள். வால்வு தேறினால் எங்களிடம் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் போக இடமில்லை, பட்டறையில் வேறு ஆள் வந்தாகிவிட்டது.

வால்வை மூடினால் துளி அசையக் கூடாது. அந்த மார்கழி முழுக்க அசைந்தது. வால்வு ஒழுகுகிறது என்றேன். மூன்று முறை மறுபடி தேய்த்துக் கொடுத்தார். மூன்று முறையும் குழாயின் குமிழை உள்ளங்கையில் பொத்தி, அந்தச் சூட்டில் காற்றை விரியவைத்துத் துளியை ஆரம்பக் கோட்டுக்குத் தள்ளிவிட்டு, உடனே அளந்தேன். அந்தக் கைவித்தையில் எனக்குத் தனிப் பெருமை.

"சார், கைய எடுத்துட்டு கொஞ்ச நேரம் உட்டுப் பாருங்க," என்றார் அவர்.

குப்பி ஊதுகிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வால்வு தேறவில்லை என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவருடைய அதே வால்வை மூடி, துளியைக் கோட்டில் நிறுத்திய கையோடு முசியே கூப்பிட்டனுப்பினார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். துளி இரண்டு கோடு உள்ளே வந்து நின்றிருந்தது. மதியம் வரை பார்த்தேன், அசையவே இல்லை. ஒழுகுகிற வால்வு நடுவில் நின்று இளைப்பாறாது. என் கைச்சூடு ஆறியதைத்தான் ஒரு மாதமாக ஒழுக்கு என்று அளந்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வெட்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். பயந்தேன்.

குமிழைத் தொடக் கூடாது, தொட்டால் ஆறவிட்டே அளக்க வேண்டும் என்று விதி எழுதினேன். முசியே வந்து பார்த்தார், பாராட்டினார். பிறகு வால்வைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அந்த ஆள் செய்ததுதானே, நன்றாகத்தானே இருக்கிறது, திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

"வேணாம் முசியே. அவரு செஞ்சது ஒழுகுச்சு. இது நான் தேய்ச்சது," என்றேன்.